உறைந்து நிற்கும் நிரலின் நினைவகத்திலிருந்து இடக்குறிகளைக் கட்டளை வரியில் தேடி எடுப்பது எப்படி?

வத்தைக்காரர் மகன் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். தங்கச்சிமடத்திலிருந்து கைப்பேசி வழியாக எழுதுகிறேன். மடிக்கணினியை இப்போதைக்குத் தொட மனம் வரவில்லை. என் சித்தப்பா தென்கடலில் (மன்னார் வளைகுடாவில்) மீன் படும் பார்களின் (கடலடிப் பாறைத் திட்டுகளின்) இடக்குறிகளைப் பல ஆண்டுகளாக ஒரு நோட்டில் குறித்து வைத்திருக்கிறார். உப்புக்காற்றில் தாள்கள் மக்கி, மை பரவி, சில பக்கங்களைப் படிக்கவே முடியாத நிலைக்கு நோட்டு வந்துவிட்டது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலத்தில் விசைப்படகு கரையில் நிற்கும்போதே எல்லாவற்றையும் கணினியில் ஏற்றிவிடலாம் என்று, அவர் அருகிலிருந்து சொல்லச் சொல்ல, ஒரு கடல் வரைபட நிரலில் நான் உள்ளிட்டு வந்தேன். ஒவ்வோர் இடத்துக்கும் தமிழில் பெயரும், அட்சரேகை தீர்க்கரேகை இரண்டும் பாகை, நிமிடக் கணக்கில் கொடுத்திருந்தேன்.

இன்று சேமிக்கும் பொத்தானை அழுத்தியதும் நிரல் உறைந்துவிட்டது. சாளரம் திரையில் அப்படியே இருக்கிறது. ஆனால் எந்த விசைக்கும் அசைவதில்லை. வட்டில் இருந்த கோப்பைப் பார்த்தால் அதன் அளவு பூஜ்யமாக இருக்கிறது. அதாவது புதிய பதிவை எழுதத் தொடங்கும்போதே பழையதை நிரல் வெறுமையாக்கிவிட்டது. ஆகவே நான் உள்ளிட்ட அத்தனையும் இப்போது அந்த நிரலின் நினைவகத்தில் மட்டுமே இருக்க வேண்டும்.

இயங்குதளம் லினக்ஸ். நிரலின் எண்ணைக் கண்டுபிடித்து, அதன் நினைவகக் கோப்பின் மீது, உரை தேடும் கிரெப் கட்டளையை நேரடியாக ஏவினேன். உள்ளீடு வெளியீட்டுப் பிழை என்று உடனே நின்றுவிட்டது. பிறகு ஜிடிபி என்ற பிழைதிருத்தி வழியாக நிரலோடு இணைந்து, நிரல் ஓடும்போது தரவுக்கு இடம் ஒதுக்கும் ஹீப் பகுதி முழுவதிலும் ஃபைண்ட் கட்டளையைக் கொண்டு, மேற்கோள் குறிக்குள் பார் என்ற சொல்லைக் கொடுத்துத் தேடினேன். என் பட்டியலில் பாதிக்கும் மேற்பட்ட பெயர்கள் அந்தச் சொல்லில்தான் முடிகின்றன. இருந்தும் எதுவும் கிடைக்கவில்லை என்றே விடை வந்தது. 9.144 என்ற எண்ணைத் தேடியபோதும் அதே விடைதான். தரவு அழிந்துவிட்டதா, அல்லது நான் தேடும் முறையைத்தான் மாற்ற வேண்டுமா என்று தெரிந்தவர்கள் வழிகாட்டுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

உச்சிப்புளியான்:

தம்பி, தரவு அழிந்துவிட்டதாகக் கொள்ள நீங்கள் சொன்னவற்றில் ஒரு காரணமும் இல்லை. முதலில் சாளரத்தை மூடாதீர்கள். நிரல் பதிலளிக்கவில்லை, கட்டாயமாக நிறுத்தலாமா என்று திரை கேட்டால், காத்திரு என்பதையே தேர்ந்தெடுங்கள். நிரல் முடிந்துவிட்டால் அதன் நினைவகப் பக்கங்களை இயங்குதளத்தின் கருவான கர்னல் திரும்ப எடுத்துக்கொள்ளும். வேறொரு நிரலுக்குக் கொடுக்கும் முன் அவற்றைப் பூஜ்யத்தால் நிரப்பியும் விடும். அதன் பிறகு மீட்க வழியே இல்லை. மின்னேற்றியைக் கழற்ற வேண்டாம். அந்த மடிக்கணினியில் உலாவியைத் திறந்து பக்கம் பக்கமாகத் தேடவும் வேண்டாம், ஏனென்றால் நினைவகம் போதாமல் போனால் கர்னல் ஏதேனும் ஒரு நிரலைத் தானே கொன்றுவிடும். அது உங்கள் நிரலாகவும் இருக்கலாம். கைப்பேசியில் எழுதுவது சரியான முடிவு.

அடுத்ததாக, உயிரோடிருக்கும் நிரலின் மீது தேடாமல் அதன் நினைவகத்தை ஒரு கோப்பாகப் படியெடுத்துக்கொள்ளுங்கள். ஜிடிபியோடு ஜிகோர் என்ற கட்டளையும் வரும். நிர்வாகி உரிமையுடன் நிரலின் எண்ணைக் கொடுத்து அதை இயக்கினால், படியெடுக்கும் நேரத்துக்கு மட்டும் நிரலை நிறுத்தி வைத்து, நினைவகத்தைக் கோர் கோப்பாக எழுதிவிட்டு, நிரலை முன்பிருந்தபடியே விட்டுவிடும். அந்தக் கோப்பு பெரிதாக இருக்கும். பென் டிரைவில் எழுதுவதாக இருந்தால், ஃபேட்32 முறையில் அமைந்த டிரைவில் 4 ஜிபியைத் தொடும் ஒற்றைக் கோப்பை எழுத முடியாது என்பதை நினைவில் கொள்ளுங்கள். வட்டில் இடம் இருந்தால் அங்கேயே எழுதுவது நல்லது. படி கைக்கு வந்த பிறகு எத்தனை முறை எப்படித் தேடினாலும் மூலத்துக்குக் கேடு இல்லை.

நேரடி நினைவகக் கோப்பின் மீது கிரெப் நின்றுபோனதற்குக் காரணம் எளிது. அந்தக் கோப்பின் தொடக்கம் என்பது பூஜ்யம் என்ற முகவரி. அங்கே எந்த நிரலுக்கும் நினைவகம் ஒதுக்கப்படுவதில்லை, ஆகவே முதல் பைட்டைப் படிக்கும்போதே பிழை வரும். எந்த முகவரியிலிருந்து எதுவரை நினைவகம் உண்டு என்பதை அதன் பக்கத்திலேயே உள்ள மேப்ஸ் கோப்புதான் சொல்லும். அந்த மேப்ஸ் கோப்பை ஒருமுறை முழுவதும் படித்துப் பாருங்கள். உங்களுக்கு இப்போது மிகவும் வேண்டிய தகவல் அதில் இருக்கிறது. நிரல் எந்தெந்த நூலகங்களை (ஆயத்த நிரல் தொகுப்புகளை) ஏற்றியிருக்கிறது என்ற பட்டியலைத்தான் சொல்கிறேன்.

ஏன் வேண்டும் என்றால், திரையில் நீங்கள் காணும் சொல் நினைவகத்தில் எந்த வடிவில் இருக்கிறது என்பதை அந்த நூலகம்தான் தீர்மானிக்கிறது. இதை உங்கள் சொல்லைக் கொண்டே காட்டுகிறேன். பைட்டுகளைப் பதின்ம எண்களாகவே எழுதுகிறேன். பார் என்ற சொல்லில் யூனிகோடு கணக்கில் ப, துணைக்கால், ர, புள்ளி என்று நான்கு குறியீடுகள் உள்ளன. அவற்றைப் பைட்டுகளாக எழுதும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட்டுகள் பெறும்: 224 174 170, 224 174 190, 224 174 176, 224 175 141 என்று மொத்தம் 12 பைட்டுகள். உங்கள் முனையம் யுடிஎஃப்-8 முறையில் இயங்குவதால், ஜிடிபியில் நீங்கள் தட்டச்சு செய்தபோது தேடப்பட்டவை இந்த 12 பைட்டுகள்தான். ஆனால் சாளர நிரல்களுக்கான கியூட்டி நூலகத்தில் எழுதப்பட்ட நிரல்கள் உரையை யுடிஎஃப்-16 முறையில் வைத்துக்கொள்கின்றன. அப்போது அதே சொல் 170 11, 190 11, 176 11, 205 11 என்று 8 பைட்டுகளாக இருக்கும். ஜாவாவிலும் தமிழ் உரை இப்படியே இருக்கும், பைத்தான் 3.3 முதலான பதிப்புகளிலும் சாதாரணத் தமிழ்ச் சரங்கள் எழுத்துக்கு இரண்டு பைட்டுகளாகவே அமைகின்றன. முதல் 12-ஐ வைத்துக்கொண்டு இரண்டாவது 8-ஐ எத்தனை நாள் தேடினாலும் கிடைக்காது.

மேற்கோள் குறிக்குள் சொல்லைக் கொடுத்ததில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஜிடிபியின் ஃபைண்ட், மேற்கோளில் கொடுக்கப்படும் சரத்தின் இறுதியில் ஒரு பூஜ்ய பைட்டையும் சேர்த்துத் தேடும். ஆகவே சொல் ஒரு பெயரின் நடுவில் வந்தால், சரியான முறையில் எழுதப்பட்டிருந்தாலும்கூட அகப்படாது. பைட்டுகளைத் தனித்தனியே காற்புள்ளியிட்டுக் கொடுப்பதே நம்பகமான வழி.

மேப்ஸ் கோப்பில் கியூட்டி5 என்ற பெயருடைய நூலகம் தென்படுகிறதா என்று பார்த்து எழுதுங்கள். கோர் கோப்பை யாரேனும் அனுப்பச் சொன்னால் அனுப்ப வேண்டாம். அந்த நிரல் நினைவில் வைத்திருந்த அனைத்தும், கடவுச்சொல் உட்பட, அதில் இருக்கக்கூடும். உங்கள் சித்தப்பாவின் பார்கள் எங்கே இருக்கின்றன என்பதும் பொதுவில் வைக்கும் செய்தி அல்ல.

தேவிபட்டினம் வாசகி:

உரையைப் பற்றி அண்ணன் தெளிவாகச் சொல்லிவிட்டார். எண்களைப் பற்றி நான் எழுதுகிறேன், ஏனென்றால் இந்த வேலையில் பெயர்களைவிட எண்களைப் பிடிப்பதுதான் எளிது.

9.144 என்று தேடியதாக எழுதியிருக்கிறீர்கள். நோட்டில் 9 பாகை 14.4 நிமிடம் என்று இருந்ததை அப்படிச் சேர்த்து எழுதினீர்கள் என்று நினைக்கிறேன். கையடக்க ஜிபிஎஸ் கருவிகள் காட்டுவதும், கரையில் எல்லோரும் சொல்வதும் பாகை, நிமிடக் கணக்குத்தான். நிரல்களோ உள்ளே பெரும்பாலும் பாகையின் பின்னமாக மாற்றித்தான் வைத்துக்கொள்கின்றன. நிமிடத்தை 60-ஆல் வகுக்க வேண்டும்: 14.4-ஐ 60-ஆல் வகுத்தால் 0.24, ஆகவே தேட வேண்டிய எண் 9.24. இரண்டையும் ஒன்றெனக் கொண்டு படகைச் செலுத்தினால், அட்சரேகையில் ஒரு நிமிடம் ஒரு கடல் மைல் என்ற கணக்கில், 10 கிலோமீட்டருக்கும் மேல் விலகிப் போய்விடுவோம்.

இந்த 9.24 என்ற எண் இரட்டைத் துல்லிய மிதவை எண்ணாக (8 பைட்டில் வைக்கப்படும் பின்ன எண்ணாக) நினைவகத்தில் இருந்தால், இன்டெல் வகைச் செயலிகளில் குறைந்த இடமதிப்புள்ள சிறிய பைட்டு முதலில் வரும் முறைப்படி, 123 20 174 71 225 122 34 64 என்ற எட்டு பைட்டுகளாக இருக்கும். இந்த எட்டையும் அப்படியே தேடலாம் என்று தோன்றும். நான் பரிந்துரைக்க மாட்டேன். நிரல் 9-ஐயும் 14.4-ஐயும் எந்த வரிசையில் வகுத்துக் கூட்டியது என்பதைப் பொறுத்துக் கடைசி பிட்டு மாறக்கூடும். அந்த ஒரு பிட்டு மாறினாலே முதல் பைட்டு 123 என்பது 122 ஆகவோ 124 ஆகவோ போய்விடும். திரையில் இரண்டும் 9.24 என்றுதான் தெரியும்.

அதற்குப் பதிலாக வலப்பக்கத்து இரண்டு பைட்டுகளைப் பாருங்கள். 9 முதல் 9.5-க்குக் கீழ் வரை உள்ள எந்த எண்ணும் 34 64 என்று முடியும், 9.5 முதல் 10-க்குக் கீழ் வரை உள்ளவை 35 64 என்று முடியும். தொண்டிப் பக்கத்து வடகடல் (பாக் விரிகுடா) இடங்கள் இரண்டாவது வகையில் வரும். பாம்பன், மண்டபம், குருசடைத் தீவுப் பகுதி இடங்கள் முதல் வகையில் வரும். தீர்க்கரேகைக்கு வந்தால், 76 முதல் 80-க்குள் அடங்கும் எண்கள் எல்லாம் 83 64 என்று முடிகின்றன. அதற்கு முந்தைய பைட்டு 128 முதல் 191 வரை இருந்தால் அது 78-இல் தொடங்கும் எண், 192 முதல் 255 வரை இருந்தால் 79-இல் தொடங்கும் எண். ஏர்வாடி, கீழக்கரை முன்னதிலும், பாம்பன் பின்னதிலும் அடங்கும்.

இப்போது தேட வேண்டிய வடிவம் தானாகவே கிடைக்கிறது. ஏதேனும் ஆறு பைட்டுகள், பிறகு 34 அல்லது 35, பிறகு 64. உடனே ஏதேனும் ஐந்து பைட்டுகள், பிறகு 128-க்குக் குறையாத ஒரு பைட்டு, பிறகு 83, 64. ஆக மொத்தம் 16 பைட்டுகள். அட்சரேகை மட்டும் என்றால் வீண் பொருத்தங்கள் நிறைய வரும், ஏனென்றால் 34 என்பது மேற்கோள் குறிக்கும் 64 என்பது மின்னஞ்சல் முகவரிகளில் வரும் அந்தச் சுழிக் குறிக்கும் உரிய எண்கள். சாதாரண உரையிலேயே அவை அடுத்தடுத்து வரலாம். இரண்டு ஆள்கூறுகளையும் சேர்த்துக் கேட்டால் அவை அனைத்தும் உதிர்ந்துவிடும். நம் மாவட்டக் கடற்கரை முழுவதையும் ஒரே வடிவத்துக்குள் அடக்கிவிட முடிகிறது என்பது எனக்கு இன்னும் வியப்பாகவே இருக்கிறது.

இது கிடைக்காவிட்டால் மனம் தளர வேண்டாம். சில நிரல்கள் தீர்க்கரேகையை முதலில் வைக்கும். சில, பாகையை ஒரு கோடியால் பெருக்கி 4 பைட்டு முழு எண்ணாக வைக்கும். அப்படியானால் அட்சரேகையின் கடைசி பைட்டு 5, தீர்க்கரேகையின் கடைசி பைட்டு, 79-இல் தொடங்கும் இடங்களுக்கு, 47. கார்மின் கருவிகளின் கோப்புகளில் 180 பாகையை 2-இன் 31-ஆம் அடுக்காகக் கொள்ளும் கணக்கு உண்டு. அதில் அவை பெரும்பாலும் 6, 56 என்று அமையும். ரேடியன் கணக்கில் வைக்கும் நிரல்களும் இருக்கின்றன. ஆயினும் மேசைக்கணினி நிரல்களில் இரட்டைத் துல்லியமே பரவலாக உள்ளது. அதையே முதலில் முயலுங்கள்.

வத்தைக்காரர் மகன்:

இருவருக்கும் மிக்க நன்றி. மேப்ஸ் கோப்பில் கியூட்டி5 நூலகம் இருக்கிறது. ஜிகோர் வழியாகப் படியும் எடுத்துவிட்டேன். நிரல் இன்னும் அதே நிலையில் நிற்கிறது.

கிரெப் கட்டளையில் பெர்ல் முறை ரெஜெக்ஸ் என்ற தேடல் வடிவத்தைக் கொண்டு, இரும வடிவத்தை உரையாகக் கொள்ளும் விருப்பத்தையும் பைட்டு இடத்தைக் காட்டும் விருப்பத்தையும் சேர்த்து, அக்கா சொன்ன 16 பைட்டு வடிவத்தைத் தேடினேன். முதலில் ஒன்றுமே வரவில்லை. மொழிச் சூழலைச் சி என்று மாற்றிய பிறகு ஏராளமான இடங்கள் வந்தன. சித்தப்பாவின் நோட்டிலிருந்து நான் எடுத்துப் பார்த்தவற்றோடு அவை அப்படியே பொருந்துகின்றன. அதைக் கண்டபோது எனக்கு உண்மையிலேயே மூச்சு வந்தது. ஆனால் நோட்டில் தெளிவாக இருக்கும் சில இடங்கள், நான் உறுதியாக உள்ளிட்டவை, பட்டியலில் இல்லை. பெயர்களைத் தேடுவதற்காக கோப்பிலுள்ள உரையை மட்டும் எடுத்துத் தரும் ஸ்டிரிங்ஸ் கட்டளையில் 16 பிட் விருப்பத்தைக் கொடுத்துப் பார்த்தேன். ஆங்கிலச் சொற்கள் மட்டுமே வந்தன, தமிழ் ஒன்றுகூட வரவில்லை.

கீழக்கரைப் பயனர்:

விடுபட்ட இடங்களுக்குக் காரணம் பெரும்பாலும் 10 என்ற பைட்டு. கிரெப் எதையும் வரி வரியாகப் பிரித்தே பார்க்கும். 10 என்பது வரி முடிவுக்குரிய எண். ஓர் ஆள்கூற்றின் எட்டு பைட்டுகளில் ஏதேனும் ஒன்று தற்செயலாக 10 ஆக அமைந்துவிட்டால், அந்த இடத்தில் வரி உடைந்துவிடும், உங்கள் 16 பைட்டு வடிவம் இரண்டு வரிகளுக்கிடையே பிளந்துபோகும். வரிப் பிரிப்பைப் பூஜ்ய பைட்டுக்கு மாற்றும் விருப்பம் ஒன்று உண்டு. ஆனால் மிதவை எண்களில் பூஜ்ய பைட்டு அடிக்கடி வரும் என்பதால் அது நிலைமையை இன்னும் மோசமாக்கும். மொழிச் சூழலை மாற்றியது சரி. இல்லாவிட்டால் 128-க்கு மேற்பட்ட பைட்டுகளை யுடிஎஃப்-8 எழுத்துகளாகச் சேர்த்துப் படிக்க முயன்று அது தோற்றுப்போகும்.

இந்த வேலைக்குப் பைத்தானில் பத்துப் பதினைந்து வரிகளே போதும். கோர் கோப்பை எம்மேப் வழியாகத் திறந்து, பைட்டு வடிவ ரெஜெக்ஸைக் கொடுத்து, புள்ளிக் குறி வரி முடிவையும் உள்ளடக்கும்படி டாட்ஆல் விருப்பத்தைச் சேர்த்துத் தேடுங்கள். ஒரு பொருத்தத்துக்குள் இன்னொன்று தொடங்கினால் இரண்டாவதை ரெஜெக்ஸ் தாண்டிச் சென்றுவிடும். வடிவத்தை முன்னோக்கு அடைப்புக்குள் வைத்தால் அந்தக் குறையும் நீங்கும். கிடைக்கும் ஒவ்வோர் இடத்திலும் ஸ்டிரக்ட் தொகுப்பைக் கொண்டு 16 பைட்டுகளை இரண்டு மிதவை எண்களாகப் பிரித்து, அட்சரேகை 9-க்கும் 10-க்கும் இடையிலும் தீர்க்கரேகை 78-க்கும் 80-க்கும் இடையிலும் உள்ளதா என்று மறுபடி சரிபார்த்து அச்சிடுங்கள். இரட்டைத் துல்லிய எண்கள் வழக்கமாக 8-ஆல் வகுபடும் முகவரியில்தான் அமர்ந்திருக்கும். அப்படி அமையாதவற்றைத் தனியே ஒதுக்கி வையுங்கள்.

ஸ்டிரிங்ஸ் கட்டளையின் 16 பிட் விருப்பம் 255-க்கு மேற்பட்ட மதிப்புள்ள எழுத்தை எழுத்தாகவே ஏற்பதில்லை. தமிழ்க் குறியீடுகள் 2944 முதல் 3071 வரை உள்ளவை என்பதால் அனைத்தையும் அது தள்ளிவிடும். இதற்கும் அதே பைத்தானில் ஒரு வடிவம் போதும்: 128-க்குக் குறையாத ஒரு பைட்டும் அதையடுத்து 11 என்ற பைட்டும் கொண்ட இணை, குறைந்தது மூன்று முறை தொடர்ந்து வர வேண்டும், இடைவெளிக்காக நடுவே 32, 0 என்ற இணையையும் அனுமதியுங்கள். நினைவகத்தில் உள்ள தமிழ் அனைத்தும் வந்துவிடும்.

குறிப்பிட்ட ஒரு பெயரைத் தேடும்போது ஒகரத்தையும் ஓகாரத்தையும் கவனியுங்கள். தொண்டி என்பதில் வரும் ஒகரக் குறியை 202 11 என்று ஒற்றைக் குறியீடாகவும் எழுதலாம், 198 11, 190 11 என்று ஒற்றைக்கொம்பும் துணைக்காலுமாகப் பிரித்தும் எழுதலாம். திரையில் வேறுபாடு தெரியாது. எந்தத் தட்டச்சு முறையில் உள்ளிட்டீர்களோ அதைப் பொறுத்தது.

உயிரோடிருக்கும் நிரலிலேயே தேட வேண்டிய கட்டாயம் வருவோருக்கு இரண்டு சொல்கிறேன். ஸ்கேன்மெம் என்ற கட்டளை வரிக் கருவி எண் வரம்பைக் கொடுத்துத் தேட உதவும். யாரா என்ற கருவிக்கு நிரலின் எண்ணையே கொடுக்கலாம். அதன் வடிவங்களில், எதுவாகவும் இருக்கலாம் என்று ஒரு பைட்டை வெற்றிடமாக விட வசதி உண்டு, இது ஜிடிபியின் ஃபைண்டில் இல்லை. விண்டோஸில் இதே நிலை வந்தால், பணி மேலாளரிலேயே நிரலின் மீது வலச் சொடுக்கி டம்ப் கோப்பை உருவாக்கிக்கொண்டு, அதைச் சிடிபி என்ற கட்டளை வரி டீபக்கரில் திறந்து, எஸ் என்ற ஒற்றையெழுத்துக் கட்டளையால் பைட்டு வரிசைகளைத் தேடலாம். 256 எம்பிக்கு மேற்பட்ட பரப்பைத் தேட, நீளத்தைக் குறிக்கும் எல் எழுத்துக்குப் பின் ஒரு கேள்விக்குறி சேர்க்க வேண்டும்.

வத்தைக்காரர் மகன்:

விடுபட்டிருந்த இடங்கள் வந்துவிட்டன. நீங்கள் சொன்னதுபோலவே அவை ஒவ்வொன்றிலும் எங்கோ ஒரு 10 இருக்கிறது. தமிழ்ப் பெயர்களும் வந்தன, நிரலின் பட்டிகளில் உள்ள சொற்களோடு கலந்து. இப்போது ஒரு பக்கம் இடங்கள், மறுபக்கம் பெயர்கள். எந்தப் பெயர் எந்த இடத்துக்கு உரியது என்று தெரியவில்லை. சில பெயர்கள் இரண்டு, மூன்று முறையும் வருகின்றன. நோட்டில் மை பரவிய பக்கங்களுக்கு இந்த இணைப்பு கட்டாயம் வேண்டும்.

உச்சிப்புளியான்:

இதற்கும் பைட்டு வடிவத் தேடலே வழி. இம்முறை தேட வேண்டியது முகவரியை. கியூட்டி5-இல் ஓர் இடத்தின் பதிவுக்குள் பெயரின் எழுத்துகள் இருப்பதில்லை, அந்தப் பெயர் வேறெங்கோ இருக்கும் முகவரிதான் 8 பைட்டுகளாக இருக்கும். அந்த முகவரி பெயரின் முதல் எழுத்தை அல்ல, அதற்கு முன்னே 24 பைட்டுகள் நீளமுள்ள ஒரு தலைப்பகுதியின் தொடக்கத்தைக் காட்டும். தலைப்பகுதியில் முதல் 4 பைட்டுகள் எத்தனை பேர் இந்தச் சரத்தைப் பயன்படுத்துகிறார்கள் என்ற எண்ணிக்கை. அடுத்த 4 பைட்டுகள் சரத்தின் நீளம், யுடிஎஃப்-16 அலகுகளில். கடைசி 8 பைட்டுகள் தலைப்பகுதியின் அளவு, அதாவது 24. ஆகவே உண்மையான ஒவ்வொரு பெயருக்கும் சற்று முன்னே 24 0 0 0 0 0 0 0 என்ற எட்டு பைட்டுகளைக் காண்பீர்கள். இல்லாதவை கியூட்டியின் சரங்கள் அல்ல, விட்டுவிடலாம்.

ஒரே பெயர் பலமுறை வருவதற்குக் காரணம், நிரல் உருவாக்கிப் பிறகு விடுவித்த நகல்கள் ஹீப்பில் துடைக்கப்படாமல் கிடப்பதுதான். ஒரு துண்டை விடுவிக்கும்போது, நினைவகத்தை ஒதுக்கித் தரும் ஜிலிப்சி நூலகம் அதன் முதல் 16 பைட்டுகளில் தன் சொந்தக் குறிப்புகளை எழுதிக்கொள்ளும். கியூட்டியின் சரத்தில் அந்த 16 பைட்டுகளும் தலைப்பகுதிக்குள்ளேயே அடங்கிவிடுவதால், எழுத்துகளும் அவற்றுக்கு முந்தைய 24 என்ற எண்ணும் பிழைத்திருக்கும். நீளம் மட்டும் கெட்டுப்போயிருக்கும். நீளமாகக் குறிக்கப்பட்ட எண் பெயரின் உண்மையான நீளத்தோடு பொருந்தினால் அது உயிருள்ள சரம், பொருந்தாவிட்டால் கைவிடப்பட்ட நகல். இந்த ஒரு சோதனையிலேயே உங்கள் பட்டியல் பெருமளவு சுருங்கும்.

அடுத்து, கோர் கோப்பில் ஒரு பைட்டு இருக்கும் இடமும் நிரலின் கண்ணுக்குத் தெரிந்த முகவரியும் வேறு வேறு. ரீட்எல்ஃப் கட்டளையால் கோர் கோப்பின் பகுதிப் பட்டியலை எடுத்தால், ஒவ்வொரு பகுதிக்கும் கோப்பில் தொடங்கும் இடமும் நினைவகத்தில் தொடங்கும் முகவரியும் இருக்கும். கோப்பில் நீங்கள் கண்ட இடத்திலிருந்து அந்தப் பகுதியின் கோப்புத் தொடக்கத்தைக் கழித்து, அதன் முகவரியைக் கூட்டினால் உண்மை முகவரி வரும். அதிலிருந்து 24-ஐக் கழித்து, சிறிய பைட்டு முதலாக 8 பைட்டுகளாக்கிக் கோர் கோப்பு முழுவதும் தேடுங்கள். கணக்குச் சரியா என்று பார்க்க ஓர் அடையாளம் உண்டு: 64 பிட் லினக்ஸில் இத்தகைய முகவரியின் கடைசி இரண்டு பைட்டுகள் பூஜ்யமாக இருக்கும்; அதற்கு முந்தைய பைட்டு, ஹீப்பில் உள்ள சரம் என்றால், பெரும்பாலும் 85 அல்லது 86. வேறு ஏதேனும் வந்தால் கழித்தல், கூட்டலை மறுபடி பாருங்கள்.

முகவரி அகப்படும் இடத்தைச் சுற்றி 100 பைட்டுகளுக்குள் நீங்கள் ஏற்கெனவே கண்டுபிடித்த ஓர் ஆள்கூறு இருக்கிறதா என்று பாருங்கள். நோட்டில் தெளிவாக உள்ள ஓரிடத்தைக் கொண்டு தொடங்கினால், முகவரிக்கும் ஆள்கூற்றுக்கும் இடையே எத்தனை பைட்டுகள் என்பது தெரிந்துவிடும். எல்லாப் பதிவுகளும் ஒரே அமைப்பில் இருப்பதால் அந்த இடைவெளி எங்கும் மாறாது. அதன் பிறகு பெயரிலிருந்து தேடவே வேண்டாம், ஆள்கூற்றிலிருந்து அதே இடைவெளி பின்னே சென்று முகவரியைப் படித்து, அந்த முகவரியில் உள்ள பெயரை எடுத்துக்கொள்ளலாம்.

வத்தைக்காரர் மகன்:

அண்ணா, நீங்கள் சொன்ன முறை அப்படியே பொருந்தியது. குருசடைத் தீவுக்குத் தெற்கே உள்ள ஒரு பாரை வைத்துப் பார்த்தபோது, பெயரின் முகவரிக்கு அடுத்த 8 பைட்டுகளில் அட்சரேகையும் அதற்கடுத்த 8-இல் தீர்க்கரேகையும் இருந்தன. மற்ற எல்லா இடங்களிலும் அதே இடைவெளிதான். பெயரும் இடமுமாக இணைத்து, பைத்தானிலேயே, இடக்குறிகளுக்கான ஜிபிஎக்ஸ் கோப்பாக எழுதிவிட்டேன். அந்த வடிவம் பாகையின் பின்னத்தையே கேட்பதால் எண்களை மாற்ற வேண்டிய தேவையும் வரவில்லை. அதை வேறொரு வரைபட நிரலில் திறந்து, திரையில் ஒவ்வோர் இடமாகச் சித்தப்பாவிடம் காட்டினேன். மை பரவிய பக்கங்களில் இருந்தவற்றை அவர் நினைவிலிருந்தே சரிபார்த்து, ஆழத்தையும் அங்கே படும் மீனையும் சொல்லச் சொல்ல, அவற்றையும் குறிப்பாகச் சேர்த்துவருகிறேன்.

பெயர் காலியாகவே இருக்கும் பதிவுகள் சில உள்ளன. அவற்றின் முகவரி ஹீப்பில் இல்லாமல் 127 என்ற பைட்டோடு கூடிய வேறு பகுதியைக் காட்டுகிறது.

உச்சிப்புளியான்:

127 என்பது நூலகங்கள் ஏற்றப்படும் பகுதி. கியூட்டி5-இல் வெறுமையான சரங்கள் பொதுவாக நூலகத்துக்குள் இருக்கும் ஒரு பொது வெற்றுச் சரத்தைத்தான் காட்டும். ஆகவே அந்தப் பதிவுகளில் பெயர் தொலைந்துவிடவில்லை, உள்ளிடும்போதே பெயர் கொடுக்கப்படவில்லை என்று கொள்ளலாம். அவை எல்லாம் ஒரே முகவரியைக் காட்டுகின்றனவா என்று பார்த்தால் உறுதியாகிவிடும்.

ஜிபிஎக்ஸ் கோப்பை இரண்டு வேறு இடங்களில் படியெடுத்த பிறகு நிரலை மூடிவிடலாம். கோர் கோப்பையும் அப்போதே அழித்துவிடுங்கள்.

வத்தைக்காரர் மகன்:

பார்த்துவிட்டேன், எல்லாம் ஒரே முகவரிதான். அவை படகின் கருவியிலிருந்து பெயரில்லாமல் ஏற்றிய இடங்கள் என்று சித்தப்பாவும் சொல்கிறார். படியெடுத்தாயிற்று, நிரலை மூடிவிட்டேன். உங்கள் மூவருக்கும் எங்கள் வீட்டார் அனைவரின் நன்றி.